வெள்ளி வடக்கே முளைப்பதில்லை

நோர்டால், வடக்கு டகோட்டா
நவம்பர் 8, 1957

அன்புள்ள ராக்னா அக்காவுக்கு,

தம்பி ஆமுண்ட் எழுதுவது. இங்கே நானும் மாடுகளும் நலம். அங்கே நீயும் கார்ல் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? சியாட்டில் மழைக்கு உன் முழங்கால் என்ன சொல்கிறது?

வேறு யாராவது உனக்கு எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். ரஷ்யாக்காரன் வானத்தில் உருண்டையையும், அதன் பின்னாலேயே ஒரு நாயையும் விட்டதிலிருந்து விமானப்படைக்காரர்கள் எங்களைச் சும்மா விடுவதில்லை. ஊர்க்காரர்கள் முறை வைத்து, தானியக் கிடங்கின் உச்சியில் ஏறி நின்று வானத்தைக் காவல் காக்கிறோம். செவ்வாய்க்கிழமை என் முறை. கூடப் பக்கத்து வீட்டு பெர்த்தா இருந்தாள். அவள் வானத்தைப் பார்த்ததைவிடப் பின்னல் ஊசியைப் பார்த்ததுதான் அதிகம்.

வடக்கே ஒரு வெளிச்சம் தாழ்வாக வந்தது. கோரைச் சதுப்புக்கு மேலே வந்ததும் திரும்பியது. திரும்பியதும் சிவந்து, பெருத்து, இரண்டாக உடைந்து, சதுப்புக்கு அந்தப் பக்கம் விழுந்தது. காற்று தெற்கிலிருந்து அடித்ததால் சத்தம் எதுவும் கேட்கவில்லை. உடனே தொலைபேசியில் சொன்னேன். எங்கள் பக்கம் ஏழு வீட்டுக்கும் ஒரே கம்பி என்பது உனக்குத் தெரியும். விமானப்படை கேட்பதற்குள் ஏழு வீடும் கேட்டுவிட்டது. மறுநாள் கடைக்குப் போனால், "என்ன ஆமுண்ட், ரஷ்ய நாய் உன்னைப் பாத்து வாலாட்டுச்சா?" என்கிறார்கள்.

உன் பிள்ளை டெல்மரிடமிருந்து கடிதம் வந்ததா? இந்த வாரம் எனக்கு எழுதுவதாகச் சொல்லியிருந்தான்.

அன்புடன்,
ஆமுண்ட்


சியாட்டில்
நவம்பர் 15, 1957

தம்பி ஆமுண்டுக்கு,

அக்காவின் ஆசிகள். முழங்கால் இருக்கிறது. தலைதான் வலிக்கிறது, உன்னால்.

உன் புகழ் இங்கே வரை வந்துவிட்டது. பேப்பரில் மூன்று வரி போட்டிருந்தான், "வானில் நெருப்பு உருண்டை கண்ட விவசாயி" என்று. மாதர் சங்கத்தில் திருமதி ஹாலண்ட் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "உங்க ஊர்ப் பக்கமாச்சே, ராக்னா! அங்க எல்லாரும் இப்படித்தானா?" என்று கேட்டாள். அது பெரிய மாநிலம், எனக்கு யாரையும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். உடன்பிறந்த தம்பியைத் தெரியாது என்று சொல்லும்படி வைத்துவிட்டாய்.

ஐம்பது வயது ஆகிறது. கல்யாணம் இல்லை, குட்டி இல்லை. பார்ப்பதற்கு மாடும் வானமும்தான். மாட்டோடு நிறுத்திக்கொண்டிருக்கக் கூடாதா? புது வருஷத்தில் டெல்மருக்கு விமானப்படையில் பதவி உயர்வு வர இருக்கிறது. மேலே இருப்பவர்கள் குடும்பத்தைப் பற்றியெல்லாம் விசாரிப்பார்கள். மாமன்காரன் வானத்தில் பேய் பார்க்கிறவன் என்று தெரிந்தால் அந்தப் பையன் கதி என்ன? நாளைக்கே போய், தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிடு.

இன்னொன்று. அவன் உன் வீட்டுப் பக்கம் பறக்கும்போதெல்லாம் விளக்கை மூன்று தரம் அணைத்து எரித்துவிட்டுப் போவதாகக் கோடையில் சொல்லிச் சிரித்தான். சின்ன வயசில் உன் வைக்கோல் பரணில் படுத்துக்கொண்டு டார்ச்சை மூன்று தரம் அடித்து 'மாமா, தூங்கப் போறேன்' என்பானே, அதே கூத்து. நீ கற்றுக்கொடுத்ததுதான். அனுமதி இல்லாமல் வழிமாறிப் பறப்பது தெரிந்தால் வேலையே போய்விடும். இனிமேல் வேண்டாம் என்று நீயே அவனுக்கு எழுது. நான் சொன்னால் கேட்க மாட்டான்.

அவன் எழுதவில்லை. உன்னைப் போல வேலையில்லாதவனா அவன்?

ராக்னா


நோர்டால்
நவம்பர் 24, 1957

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீ திட்டி எழுதினதால் நீயும் நலம் என்று எடுத்துக்கொண்டேன்.

தப்பாகப் பார்த்தேன் என்று நான் போய்ச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அதைச் சொல்லவே ஒருத்தர் வீடு தேடி வந்துவிட்டார். விட்லாக் என்று ஒரு கேப்டன், கூடவே ஒரு சார்ஜெண்ட். பூட்ஸ் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, ஆனால் சாணியைத் தாண்டி நடக்கத் தெரியவில்லை. என் சமையலறையில் உட்கார்ந்து பெர்த்தா சுட்டுக் கொடுத்தனுப்பிய 'ஆப்பிள் பை' பலகாரத்தில் பாதியைத் தின்றுகொண்டே விசாரணை நடத்தினார்.

"அன்னிக்கு எவ்ளோ குடிச்சிருந்தீங்க, பெரியவரே?"

"காபிதான். பெர்த்தா போட்டது. அதுல போதை வராதுங்க, வயித்துவலிதான் வரும்."

"வெள்ளி கிரகம் இந்த மாசம் பளிச்சுனு தெரியுது. நீங்க பாத்தது அதைத்தான்."

"வெள்ளி தென்மேற்கு மூலையில இருக்கும். நான் பால் கறந்து முடிக்கறதுக்குள்ள எறங்கிடும். நான் பாத்தது வடக்க."

"சரி, அப்ப பலூன்."

"பலூன் காத்தை எதுத்துக்கிட்டு வருமா?"

"வாத்துக் கூட்டம். நிலா வெளிச்சம் வயித்துல பட்டா மின்னும்."

"மின்னும். தீப்பிடிச்சு ரெண்டா ஒடயாது."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆப்பிள் பை மேல் மட்டும் கோபம் வரவில்லை, இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். வேறு ஏதாவது கவனித்தீர்களா என்று கேட்டார். கவனித்ததைச் சொன்னேன்.

"சிவக்கறதுக்கு முன்னாடி மூணு தரம் அணைஞ்சு எரிஞ்சுது."

"நட்சத்திரம் மினுக்காம வேற என்ன பண்ணும்?" என்றார். சார்ஜெண்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவர் அதை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் பேசியிருப்பேன். கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

போகும்போது 'நான் பார்த்தது வெள்ளி கிரகமே' என்று ஏற்கெனவே அடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். மாட்டேன் என்றேன். காவலுக்குச் சேர்ந்த முதல் நாள் இவர்களே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. பார்த்ததைச் சொல், நினைத்ததைச் சொல்லாதே. அதை நினைவுபடுத்தினேன். "அது விமானத்தைப் பாக்கறவங்களுக்குச் சொன்னது, கனவு காணறவங்களுக்கு இல்ல" என்றார். கையெழுத்துப் போடும் வரை, சட்டையில் குத்தியிருந்த என் காவல் வில்லையை அவரிடம் ஒப்படைக்க வேண்டுமாம். கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

டெல்மர் எழுதினானா? நான் அவனுக்கு இரண்டு கடிதம் போட்டுவிட்டேன்.

ஆமுண்ட்


நோர்டால்
டிசம்பர் 10, 1957

அன்புள்ள அக்காவுக்கு,

பதிலே இல்லையே. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அத்தான் நலம்தானே?

இங்கே புதிதாக எதுவும் இல்லை. தான் எதையும் பார்க்கவில்லை என்று பெர்த்தா சர்ச்சில் எல்லார் முன்னாலும் சொன்னாள். பின்னலில் கண்ணி எண்ணிக்கொண்டிருந்தாளாம், நான் கத்தினதும்தான் நிமிர்ந்தாளாம். கடைவாசலில் நிற்கும் பெரிய மனுஷர்கள் என்னைக் கண்டால் நாய் மாதிரி குரைத்துக் காட்டுகிறார்கள். குரைக்கட்டும். இந்தக் குளிரில் அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே.

சதுப்புக்குள் போய்ப் பார்க்கலாம் என்று போனேன். ஐஸ் இன்னும் பிடிக்கவில்லை. தொடை வரை இறங்கிவிட்டேன். பாதியில் திரும்பினேன்.

டெல்மர் நலம்தானே? ஒரு வரி எழுது.

ஆமுண்ட்


சியாட்டில்
டிசம்பர் 14, 1957

ஆமுண்ட்,

மூன்று தரம் என்று ஏன் எழுதினாய்? எண்ணினாயா? உன் மாட்டையே உனக்கு ஒழுங்காக எண்ணத் தெரியாது. இருட்டில், குளிரில், கண்ணில் தண்ணி கட்டிக்கொண்டு நிற்கிற ஒரு கிழவன் என்னத்தை எண்ணுவான்?

படித்த ஒரு அதிகாரி நட்சத்திரம் என்கிறார். அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தவன் நீ. சதுப்புக்குள் உனக்கு என்ன வேலை? அங்கே போகாதே. அந்தத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போடு. போட்டுவிட்டேன் என்று எனக்கு எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ராக்னா


நோர்டால்
டிசம்பர் 22, 1957

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நலமா என்று நீ கேட்கவில்லை. நலம்தான்.

எனக்குக் கோபம் இல்லை. கிழவன் என்று சொன்னதற்கும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். டெல்மரைப் பற்றி நான் மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டேன். வழக்கமாக நீ கேட்காமலே நாலு பக்கம் எழுதுவாய். என்ன சாப்பிட்டான், எந்தப் பெண்ணோடு நடனத்துக்குப் போனான், தளபதி அவன் முதுகில் எப்படித் தட்டினார் என்று. இந்தத் தடவை அவன் பெயர்கூட இல்லை.

மாத ஆரம்பத்தில் அவன் தளத்துக்குக் கம்பளிக் காலுறையும் உருளைக்கிழங்கு ரொட்டியும் பார்சல் அனுப்பியிருந்தேன். நேற்று திரும்பி வந்துவிட்டது. பிரிக்கக்கூட இல்லை. பெற்றுக்கொள்ள ஆள் இல்லை என்று மேலே எழுதியிருந்தது.

கேப்டன் விட்லாக் மறுபடி ஆள் அனுப்பினார். விஷயத்தை முடித்துக் கட்டவேண்டுமாம், நான் ஒருத்தன்தான் பாக்கியாம். போட மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீ விஷயத்தைச் சொல்லும் வரை உனக்காகவும் போட மாட்டேன்.

ஆமுண்ட்


சியாட்டில்
ஜனவரி 2, 1958

ஆமுண்ட்,

யாருக்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடு.

நவம்பர் ஐந்தாம் தேதி இரவு பறந்து போன டெல்மர் திரும்பி வரவில்லை. உன் செவ்வாய்க்கிழமை. ரகசிய வேலையாம், உனக்கு வெகுதூரம் கிழக்கே சுப்பீரியர் ஏரிக்கு மேலே அனுப்பினார்களாம். பத்து நாளுக்கு மேல் அவர்களே தேடிவிட்டுத்தான் எங்களுக்குச் சொல்ல மனசு வந்தது. நான் உன்னைக் கிண்டல் பண்ணி எழுதினேனே, அதற்கு மூன்றாம் நாள் ஒருத்தன் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். அத்தான் அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை.

ஏரியில்தான் தேடுகிறார்கள். ஏரி என்றால் ரப்பர்ப் படகு உண்டு, அவன் இருக்கைக்கு அடியிலேயே வைத்திருப்பார்களாம். தீவு உண்டு. குளிர்காலத்தில் வெளி உலகத்தோடு தொடர்பே இல்லாத மீனவக் குடிசைகள் உண்டாம். முன்னே ஒருத்தன் ஆறு வாரம் கழித்து உயிரோடு வந்திருக்கிறான், தொப்பிக்காரனே சொன்னான். உன் சதுப்பில் என்ன உண்டு? கோரையும் சேறும். அங்கே படகும் இல்லை, குடிசையும் இல்லை.

உலகம் முழுக்க ஏரி என்கிறது. நீ ஒருவன்தான் வடக்கு வடக்கு என்று நிற்கிறாய். நீ பார்த்தது வெள்ளி. அதை ஒத்துக்கொள். என் பிள்ளையைக் கொண்டுபோய் உன் சதுப்பில் இறக்காதே.

உன் காலில் விழுகிறேன், ஆமுண்ட். கையெழுத்துப் போடு.

அக்கா


நோர்டால்
ஜனவரி 20, 1958

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கேப்டன் விட்லாக் நேரிலேயே வந்தார். "எனக்குத் தெரியும் பெரியவரே, யோசிச்சா உங்களுக்கே புரியும்னு. வயசானா கண்ணு நம்மள ஏமாத்தும். எங்க தாத்தா வேலிக்கம்பத்துக்கிட்ட வணக்கம் சொல்வாரு" என்று முதுகில் தட்டினார். வில்லையைத் திருப்பிக் கொடுத்தார். ஆப்பிள் பை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அலமாரியில் இருந்தது.

நான் பார்த்தது வெள்ளியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஏரி பெரியது, தேட நாளாகும். ரப்பர்ப் படகு நல்ல விஷயம். டெல்மர் கெட்டிக்காரன்.

நான் நலம். ஐஸ் நன்றாகப் பிடித்துவிட்டது. காலையில் மாட்டு வேலை முடிந்ததும் சதுப்புப் பக்கம் முயல் பிடிக்கப் போய்வருகிறேன். பனி இடுப்பளவு மூடிக் கிடக்கிறது.

அத்தானைச் சாப்பிடச் சொல். நீயும் சாப்பிடு.

ஆமுண்ட்


சியாட்டில்
பிப்ரவரி 3, 1958

என் தம்பி ஆமுண்டுக்கு,

நீ நலமா? உன் கால் நலமா? தொடை வரை இறங்கினேன் என்று எழுதினாயே, அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

ஏன் கையெழுத்துப் போட்டாய், முட்டாளே?

பேப்பர்க்காரன் சிரித்தான், நீ அசையவில்லை. ஊரே குரைத்தது, அசையவில்லை. கேப்டன் வில்லையைப் பிடுங்கினான், அசையவில்லை. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன், அப்போதும் அசையவில்லை. என் பிள்ளை காணோம் என்று ஒரு வார்த்தை எழுதியதும் போட்டுவிட்டாய். உண்மையிலேயே நட்சத்திரமாக இருந்தால் நீ போட்டிருக்கவே மாட்டாய். பிடிவாதமாக உட்கார்ந்து என்னோடு சண்டை போட்டிருப்பாய். நீ எனக்காக இரக்கப்பட்டுப் போட்டிருக்கிறாய். அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. இரண்டு மாதமாகத் தெரியாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டேன்!

'நினைக்கிறேன்' என்று எழுதியிருக்கிறாய். உன் காவல் பாடத்தைத் தலைகீழாக ஒப்பித்தவன் நீ. அப்புறம், நீ எந்தக் காலத்தில் முயல் பிடித்தாய்? பொறியில் மாட்டினதைக்கூட அவிழ்த்து விடுகிறவன். சதுப்பில் எதைத் தேடுகிறாய் என்று எனக்குத் தெரியாதா?

மறுநாளே இங்கே இருக்கும் விமானப்படை அலுவலகத்துக்குப் போனேன். ஏரியை விடுங்கள், நோர்டால் சதுப்பில் தேடுங்கள் என்றேன். விளக்கை மூன்று தரம் மினுக்குவது என் பிள்ளை பழக்கம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மீசைகூட ஒழுங்காக முளைக்காத ஒருத்தன் உங்கள் பக்கம் யாருக்கோ போன் போட்டுப் பேசிவிட்டு வந்து, "அம்மா, அத பாத்தவரே அது வெள்ளி கிரகம்னு கையெழுத்துப் போட்டுட்டாரே!" என்றான். எவ்வளவு மரியாதையாகச் சொன்னான் தெரியுமா? கைக்குட்டை வேறு நீட்டினான். அதிலேயே மூக்கைச் சிந்தி அவன் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். மூன்று மாதமாக எது எங்கே விழுந்தது என்று ஒரு அறையில் தேடுகிறார்கள். எதுவுமே விழவில்லை என்று பக்கத்து அறையில் கையெழுத்து வாங்குகிறார்கள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கும், அதைத் திறக்க ஒருத்தனுக்கும் அறிவில்லை. இவர்களை நம்பித்தான் ரஷ்யாக்காரனைப் பற்றிக் கவலைப்படாமல் தூங்குகிறோம்! இவர்கள் கையில்தான் என் பிள்ளையைக் கொடுத்தேன், பெருமையாக.

அவர்கள் தேட வேண்டாம். அடுத்த வாரம் சனிக்கிழமை ரயிலில் நானும் அத்தானும் வருகிறோம். பனி உருகும் வரை உன் வீட்டில்தான் இருப்போம். எனக்கு ரப்பர் பூட்ஸ் வேண்டும், என் கால் அளவு உனக்குத் தெரியும். அந்த விட்லாக் மறுபடி வந்தால் அவனுக்குப் பச்சைத் தண்ணிகூடக் கொடுக்காதே, நான் வந்து கொடுக்கிறேன்.

கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு பதில் போடு. நினைத்ததை எழுதாதே. பார்த்ததை மட்டும் எழுது.

உன் அக்கா


நோர்டால்
பிப்ரவரி 6, 1958

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் பத்திரமாக வந்து சேருங்கள். ஸ்டேஷனுக்கு டிரக் கொண்டு வருகிறேன், போர்வை எடுத்து வைத்திருக்கிறேன். பூட்ஸ் வாங்கிவிட்டேன். பரணுக்கு எதிரே இருக்கும் அறையில் அடுப்பு மூட்டி வைத்திருப்பேன்.

மூன்று தரம், அக்கா. கண்ணில் தண்ணி இல்லை. வடக்கே, சதுப்புக்கு மேலே, அணைந்து எரிந்தது, அணைந்து எரிந்தது, அணைந்து எரிந்தது. நான் கிடங்கு உச்சியிலிருந்து என் டார்ச்சை மூன்று தரம் அடித்தேன். அதற்கு அப்புறம்தான் திரும்பினான். அதற்கு அப்புறம்தான் சிவந்தது.

பார்த்தது இவ்வளவுதான். என் வெளிச்சத்தை அவன் பார்த்துவிட்டுத்தான் திரும்பினான் என்று நினைக்கிறேன். இது ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்கிறேன், விடு.

உன் தம்பி,
ஆமுண்ட்